பட்டறை பதில்கள்: மூன்று முறை மாற்றியும் ஒழுகும் சீல்

மீன்பிடித் தடைக்காலம் நெருங்குகிறது. லாரிக்கு ஓய்வு கிடைக்கும் நாட்கள் என்பதால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சக்கரத்தைப் பற்றியவை. இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய லாரிகளின் ஹப்பையும் பிரேக்கையும் அவிழ்த்துப் பூட்டுவதே என் வேலை. என்ஜினைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவர் சவூதியில் இருக்கிறார். எங்களிடம் ஆறு சக்கரப் பழைய லாரி ஒன்று இருக்கிறது. மீன் லோடுதான் ஓடுகிறது. பின்பக்க இடது சக்கரத்தில் ஐந்து மாதத்தில் மூன்று முறை ஆயில் சீல் மாற்றிவிட்டோம். ஒவ்வொரு முறையும் “சீல் போலி, அதனால்தான்” என்கிறார்கள். இப்போது நான்காவது முறைக்குப் பணம் கேட்கிறார்கள். என்ன செய்வது அண்ணே?
— வாசகி, கீழக்கரை

பதில்: தங்கச்சி, நான்காவது சீலுக்குப் பணம் கொடுக்கும் முன் அவர்களிடம் ஒன்று கேளுங்கள். மூன்றாவது சீல் ஏன் கெட்டது? அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் நான்காவதையும் அப்படியே அடித்து ஏற்றுவார். போலிச் சரக்கு சந்தையில் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே சக்கரத்தில் மூன்று சீலும் போலியாக வந்து, எதிர்ப்பக்கச் சக்கரத்தில் இருப்பது மட்டும் நல்லதாக அமைந்துவிடுமா?

சீல் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். பின் அச்சின் நடுவில் வீங்கினாற்போல் இருக்கும் பகுதிக்குள் கிரௌன் பல்சக்கரம் எண்ணெயில் மூழ்கிச் சுற்றுகிறது. அந்த எண்ணெய் அச்சுக் குழாய் வழியாகச் சக்கரத்தின் நடுக்குடமான ஹப் வரை வரும். ஹப் சுழல்கிறது, அதைத் தாங்கும் ஸ்பிண்டில் சுழலாமல் நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு ரப்பர் உதடு ஸ்பிண்டிலைத் தடவிக்கொண்டே எண்ணெயை உள்ளே தடுத்து வைக்கிறது. அந்த உதட்டுக்கு இந்தப் பக்கம் எண்ணெய், அந்தப் பக்கம் பிரேக் டிரம். சில வண்டிகளில் ஹப்புக்குள் கிரீஸ் அடைத்து, அச்சு எண்ணெய் உள்ளே வராமல் தனியாக இன்னொரு சீலும் வைத்திருப்பார்கள். அந்த வெளிச் சீல் கெட்டால் எண்ணெய் உள்ளே புகுந்து கிரீஸைக் கஞ்சியாக்கிவிடும். அதன்பின் உள் சீல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் தாங்காது. உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி காரணங்களுக்கு வருகிறேன். பின் அச்சின் மேல் கைவிரல் நுனி அளவில் ஒரு சிறிய மூடி இருக்கும். அதற்குப் பிரீத்தர் என்று பெயர். வண்டி ஓட ஓட உள்ளே இருக்கும் எண்ணெயும் காற்றும் சூடாகி விரியும். விரிந்த காற்று அந்தத் துளை வழியாக வெளியேற வேண்டும். சேறும் உப்பும் துருவும் சேர்ந்து துளையை அடைத்துவிட்டால் அழுத்தம் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மெல்லிய கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினால் போதும். ஐந்து நிமிட வேலை. இதைப் பார்க்காமல் சீல் மாற்றுகிறவர் என் பட்டறையில் ஒரு நாளும் வேலை செய்ய முடியாது.

எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கதிதான். அளவுத் திருகைக் கழற்றினால் துளையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். நம் சாலைகள் ஓரம் நோக்கிச் சரிந்திருக்கின்றன. வண்டி இடது பக்கம் சற்றுத் தாழ்ந்தே ஓடுவதால் மிகுதி எண்ணெய் இடது சக்கரத்தில்தான் முதலில் காட்டும்.

ஆனால் உங்கள் வண்டி மீன் லோடு என்பதால் என் சந்தேகம் ஸ்பிண்டில் மேல்தான். ரப்பர் உதடு ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் தேய்த்து இரும்பிலேயே பள்ளம் போட்டிருக்கும். அதோடு உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அந்த இடம் புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். அதன் மேல் புதுச் சீலை ஏற்றுவது உப்புத்தாளின் மேல் ரப்பரை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். ஹப்பைக் கழற்றும்போது நீங்களே அங்கே நில்லுங்கள். ஸ்பிண்டிலைத் துடைக்கச் சொல்லி, சீல் உட்காரும் இடத்தில் உங்கள் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் சீலைக் குறை சொல்லிப் பயனில்லை. சில வண்டிகளில் அந்த இடத்தில் தனி வளையம் இருக்கும், அதை மாற்றிவிடலாம். இல்லையென்றால் தேய்ந்த இடத்தின் மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றலாம். இடம் இருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து உதடு புதிய இடத்தில் படும்படி செய்வதும் உண்டு.

பேரிங் ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். ஹப் ஆடினால் சீலின் உதடு ஒவ்வொரு சுற்றுக்கும் அடி வாங்கும்.

கடைசியாகப் பொருத்தும் விதம். சுத்தியலால் நேராகச் சீலின் மேல் அடிக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி அடித்தால் ஒரு பக்கம் முன்னால் போய், மறுபக்கம் பின்தங்கி, தகரம் கோணிவிடும். சீலின் அளவுக்குப் பொருந்தும் அச்சு வளையமோ பழைய பேரிங் கப்போ வைத்து, சுற்றிலும் சமமாக இறக்க வேண்டும். உதடு எண்ணெய் இருக்கும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டதையும் நான் கண்டிருக்கிறேன்.

டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் மாற்றாமல் விடாதீர்கள். இடது பக்கம் மாற்றினால் வலது பக்கமும் மாற்ற வேண்டும். ஒரே அச்சின் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடித்தால்தான் வண்டி நேராக நிற்கும். செலவு கூடும், தெரியும். மூன்று முறை கொடுத்த கூலியைக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: எண்ணெய் பட்ட லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, கொளுத்திக் காயவைத்துப் பூட்டினால் நன்றாகப் பிடிக்கிறதே. எதற்காகப் புதிது வாங்க வேண்டும்?
— உப்பு லாரி ஓட்டுநர், வாலிநோக்கம்

பதில்: நன்றாகப் பிடிக்கும், தம்பி. முதல் நான்கு பிரேக்குக்கு.

எனக்குப் பதினெட்டு வயது. இந்த மாவட்டத்தில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். மீன் ஏற்றப் போகும் லாரி ஒன்று அவசரமாக வந்தது. முன்பக்க இடது ஹப்பின் சீல் கிழிந்து, கிரீஸ் உருகி லைனிங்கில் இறங்கியிருந்தது. மேஸ்திரி சொன்னபடி நான்தான் பெட்ரோலில் கழுவினேன், நான்தான் கொளுத்தினேன். சீலை மாற்றிப் பூட்டினோம். பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி சட்டென்று நின்றது. மறுநாள் இராமேஸ்வரத்தில் லோடு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பாம்பன் சாலைப் பாலத்தின் முகட்டைத் தாண்டி மண்டபம் பக்கம் இறக்கத்தில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தபடியே வந்திருக்கிறார். டிரம் சூடேற ஏற, லைனிங்கின் வயிற்றுக்குள் இருந்த எண்ணெய் வெளியே வந்துவிட்டது. இடது சக்கரம் பிடிக்கவில்லை. நன்றாகப் பிடித்த வலது சக்கரம் வண்டியை வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியது. எதிரே எந்த வண்டியும் வராத நேரம். கிளீனர் பையனுக்கு என் வயதுதான். அவன் கை முறிந்தது. நான் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். அவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

லைனிங் என்பது நாரும் பிசினும் உலோகத் தூளும் சேர்த்து அழுத்திய பொருள். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. எண்ணெய் அதற்குள் ஊறிவிடும். பெட்ரோல் மேல்தோலைத்தான் கழுவும். தீ மேல்தோலைத்தான் சுடும், அதிலும் பிசின் கருகிக் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். வாலிநோக்கத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர்களின் நடுவே ஓட்டுகிறீர்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் சாயல்குடியில் அந்த ஐந்தாவது பிரேக் வந்தால் என்ன ஆகும்? எண்ணெய் பட்ட லைனிங்கை உடைத்துப் போடுங்கள். முழுதாகக் குப்பையில் போட்டால் யாராவது எடுத்துக் கழுவி விற்றுவிடுவார்கள்.

கேள்வி: என் மீன் லாரியில் பிரேக் லைனிங் தடிமன் பாதிக்கு மேல் இருக்கும்போதே ரிவெட்டுகளுக்கு நடுவில் விரிசல் விட்டு, துண்டு துண்டாக உதிர்கிறது. இரண்டு வேறு கடைகளில் வாங்கிப் பார்த்துவிட்டேன். நல்ல லைனிங் எங்கே கிடைக்கும்?
— மீன் வியாபாரி, தேவிபட்டினம்

பதில்: லைனிங் மேல் குற்றம் இல்லை, ஐயா. அதைத் தாங்கும் ஷூவின் இரும்புப் பலகையில்தான் நோய் இருக்கிறது.

உதிர்ந்த துண்டைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு ஒட்டியிருக்கும். இரும்பு துருப்பிடித்தால் முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஷூவுக்கும் லைனிங்குக்கும் நடுவில் துரு வளர்ந்து லைனிங்கை மேலே தள்ளும். ரிவெட் இருக்கும் இடத்தில் அது இறுகப் பிடித்திருக்கிறது, நடுவில் புடைக்கிறது. புடைத்த இடத்தில் டிரம் உரசி உரசி விரிசல் விடும். வீட்டுக் கான்கிரீட் கூரையில் கம்பி துருப்பிடித்துச் சிமெண்டு பெயர்ந்து விழுவதைக் கடற்கரையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே நடப்பதும் அதுவே.

நம் காற்றின் உப்பு சாதாரணமானது அல்ல. இரும்பு எப்படி அரிக்கிறது என்று ஆராய, காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே மண்டபத்தில் சோதனை மையம் அமைத்தது. அந்தக் காற்று போதாதென்று மீன் பெட்டியிலிருந்து பனிக்கட்டி உருகிய உப்பு நீர் பின் சக்கரத்தின் மேல் வழி நெடுக ஒழுகுகிறது. உங்கள் வண்டியின் வடிகுழாய் எங்கே முடிகிறது என்று இன்றே குனிந்து பாருங்கள். பின் அச்சுக்கு முன்னால் முடிந்தால் காற்று அந்த நீரைச் சக்கரத்தில்தான் அடிக்கும். குழாயை நீட்டி ஒரு தொட்டியில் விழும்படி செய்யுங்கள். சாலையில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர்களும் உங்களை வாழ்த்துவார்கள்.

அடுத்த முறை லைனிங் அடிக்கும்போது பழைய ஷூவை அப்படியே பயன்படுத்த விடாதீர்கள். பலகையில் வெள்ளை இரும்பு தெரியும் வரை துரு எடுக்கப்பட வேண்டும். கம்பித் தூரிகையால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு “சுத்தம்” என்று சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். துரு எடுத்தபின் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தால் அந்த ஷூவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். நன்றாக இருந்தால் மெல்லிய துருத் தடுப்புப் பூச்சு ஒன்று கொடுத்து, அது முழுவதும் காய்ந்தபின் லைனிங்கை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ரிவெட் அடிக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் இடைவெளி நின்றுவிடும். அந்த இடைவெளிதான் உப்பு நீர் குடியேறும் வீடு.

டிரம்மையும் சேர்த்துப் பாருங்கள். மேல் பரப்பில் முடி போன்ற கீறல்கள் வெப்பத்தால் வருபவை, ஓரளவு பொறுக்கலாம். விளிம்பு வரை ஓடும் விரிசலோ, உள்ளிருந்து வெளிப்பக்கம் வரை வந்த விரிசலோ இருந்தால் அந்த டிரம் முடிந்தது. லேத்தில் கடையக் கொடுத்தால், டிரம்மிலேயே வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது என்று கடைசல்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு முறை பின் அச்சை நல்ல தண்ணீரில் அலசுவது பெரிய உதவி. நம் ஊரில் குடிதண்ணீரைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம், அதனால் சக்கரத்துக்கு இரண்டு குடம் என்று சொல்லவே கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். டிரம் ஆறிய பிறகே ஊற்றுங்கள். சூட்டில் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும்.

கேள்வி: கடல்பாசி மூட்டைகளை ஏற்ற வசதியாக வண்டியைக் கரையில் முழங்கால் ஆழத் தண்ணீர் வரை பின்னால் இறக்குகிறோம். ஹப் கிரீஸ் மோர் போல வெளுத்துவிடுகிறது. சீல் மாற்றியும் அப்படியே இருக்கிறது.
— வேன் உரிமையாளர், மண்டபம்

பதில்: ஓடி வந்த சூட்டோடு இறக்குகிறீர்கள். சூடான ஹப் கடல் நீரில் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சீல் எண்ணெயை உள்ளே தடுத்து வைக்கவே செய்யப்பட்டது, வெளியிலிருந்து வரும் உறிஞ்சலை அது தாங்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். அதைவிட நல்லது, வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு மூட்டையைச் சுமந்து வருவது. கடினம்தான். ஆனால் வெளுத்த கிரீஸோடு ஓடும் பேரிங் நடுவழியில் இறுகிப்போனால் சக்கரமே கழன்றுவிடக்கூடும். இப்போது இருக்கும் கிரீஸ் முழுவதையும் வழித்து எறிந்து, பேரிங்கைக் கழுவி, உருளைகளில் புள்ளி விழுந்திருக்கிறதா பார்த்துவிட்டுப் புதுக் கிரீஸ் அடையுங்கள்.

கேள்வி: சக்கரத்தில் ஈரம் தெரிகிறது. சீல்தானா என்று கழற்றாமலே கண்டுபிடிக்க முடியுமா?
— கரி லாரி ஓட்டுநர், சாயல்குடி

பதில்: பெரும்பாலும் முடியும். சக்கரத்தின் வெளிப்பக்கம், நடுவில் இருக்கும் ஆக்சில் போல்ட்டுகளைச் சுற்றி எண்ணெய் கோடு கோடாக விசிறியிருந்தால் அது சீல் அல்ல, அங்கே இருக்கும் பேக்கிங் கிழிந்திருக்கிறது அல்லது நட்டுகள் தளர்ந்திருக்கின்றன. உள்பக்கம், டிரம்முக்குப் பின்னால் நனைந்திருந்தால் சீல். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் எண்ணெய். தண்ணீர் போல நீர்த்து, பெயிண்டை உரித்துக்கொண்டு வந்தால் அது பிரேக் ஆயில். காற்றுப் பிரேக் இல்லாத பழைய வண்டிகளில் வீல் சிலிண்டர் ஒழுகினால் அப்படி இருக்கும். அந்த நிலையில் வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

கேள்வி: போன ஆண்டு தடைக்காலம் முடிந்து லாரியை எடுத்தால் பின் சக்கரம் இரண்டும் சுற்றவில்லை. கியரில் போட்டு இழுத்ததில் லைனிங் பிய்ந்துவிட்டது. இந்த ஆண்டு என்ன செய்வது?
— ஐஸ் லாரி உரிமையாளர், தங்கச்சிமடம்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். உப்புக் காற்றில் பிரேக் பிடித்த நிலையில் அத்தனை நாள் நின்றால் ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்ளும்.

சமதளத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் கனமான கட்டை போட்டு, கை பிரேக்கை விடுவித்துவிடுங்கள். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டி என்றால் இது மட்டும் போதாது. டேங்கில் காற்று இறங்கியதும் ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடும். டேங்கில் காற்று நிறைந்திருக்கும்போதே அதற்குரிய நீண்ட போல்ட்டால் ஸ்பிரிங்கைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டிவைக்க வேண்டும். சக்கரத்தில் கட்டை போடாமல் இதைச் செய்யவே கூடாது. வாரம் ஒரு முறை என்ஜினை ஓட்டிக் காற்று ஏற்றி, பூட்டை விடுவித்து, வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு, மறுபடி கட்டை போட்டு ஸ்பிரிங்கைப் பூட்டிவையுங்கள். காற்று டேங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் அது நிறையவே சேரும்.

அப்படியும் ஒட்டிக்கொண்டால் கியரில் இழுக்காதீர்கள். பிரேக்கின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, டிரம்மின் விளிம்பை மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். பொறுமையாகத் தட்டினால் விட்டுவிடும்.

என்னைக் கேட்டால், தடைக்காலத்தில் வண்டியைச் சும்மா நிறுத்துவதே வீண். சீல், லைனிங், ஷூவை விரிக்கும் கேமின் புஷ் எல்லாவற்றையும் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. லோடு காத்திருக்கும்போது செய்யும் பிரேக் வேலையில்தான் தப்பு நடக்கிறது.

கேள்வி: டிரம்மைத் திறந்ததும் தூசியைக் கம்பிரஸர் காற்றால் ஊதுகிறோம். கூடாது என்று ஆசிரியர் சொல்கிறார். பட்டறையில் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?
— தொழிற்பயிற்சி மாணவர், பரமக்குடி

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் உண்டு. அதன் தூசி நுரையீரலில் போய்த் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. ஊதினால் பட்டறை முழுவதும் பரவும், டீ கொண்டுவரும் பையனும் அதை மூச்சில் இழுப்பான். தண்ணீரில் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் பட்டையையும் ஒருபோதும் அவிழ்க்காதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் ஆளைக் கொன்றுவிடும். கெட்டால் முழுதாக மாற்ற வேண்டும்.

கேள்வி: ஹப் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்? ஒருவர் முழு பலத்தோடு என்கிறார், இன்னொருவர் கைவிரல் இறுக்கம் போதும் என்கிறார்.
— இளம் மெக்கானிக், தொண்டி

பதில்: இருவர் சொல்வதும் பாதி சரி. ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை நன்றாக இறுக்குங்கள், உருளைகள் தங்கள் இடத்தில் உட்காரும். பிறகு முழுவதும் தளர்த்துங்கள். மறுபடி சுற்றிக்கொண்டே மிதமாக இறுக்கி, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்குப் பின்னால் விட்டு, லாக் வாஷரை மடக்குங்கள். அதன்பின் நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். கனரக வண்டிகளுக்குப் பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பேரிங் எரியும், கூடுதலாக விட்டால் சீல் கிழியும். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதை மறுபடி திறக்க வேண்டும்.